வெறும் டின்னில் பூந்தொட்டி

தாய்மார்களே, காலியான மைலோ டின்னை வீசிவிடாதீர்கள். கழுவிக் காயவைத்துச் சாயம் அடியுங்கள். கிழிந்த நூல் சேலையை மூன்று பிரியாகப் பின்னிக் கயிறாக்கி, அஞ்சடியில் தொங்கவிட்டால் அழகான பூந்தொட்டி தயார். காசு செலவில்லை.

ஆனால் மண் போடுமுன், அடியில் ஆணியால் ஐந்தாறு துளையிட மறக்காதீர்கள். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நீரில்தான் பெருகுகிறது. 7 முதல் 10 நாளில் முட்டை கொசுவாகிவிடும்.

போத்தலில் மணிபிளான்ட் வளர்ப்பவர்கள் வாரம் ஒருமுறை நீரை மாற்றுங்கள். மாற்றினால் மட்டும் போதாது; உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். அங்கே ஒட்டிய முட்டை, நீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாது.

வீட்டை அலங்கரிக்கும் பொருள் பிள்ளையைப் படுக்கையில் தள்ளலாமா? இன்றே உங்கள் அஞ்சடியைச் சுற்றிப் பாருங்கள்.