மேட்டூரின் கொடையும் கடனும்

வெள்ளம் வந்தால் கரை உடையும், வராவிட்டால் பயிர் கருகும் என்று தலைமுறை தலைமுறையாகத் தவித்த தஞ்சைத் தரணிக்கு, 1925இல் தொடங்கி 1934இல் நிறைவுற்ற மேட்டூர் அணை அளித்த அபயம் சாமானியமானதன்று. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் வயலும் வீடும் ஒருங்கே அழிந்ததைக் கண்ட மக்களுக்கு, நீர்மட்டம் 120 அடியை எட்டும்போது 9,347 கோடி கன அடி நீரைத் தாங்கி நிற்கும் அந்த நிர்மாணம் தெய்வ சங்கற்பமாகவே தோன்றியிருக்க வேண்டும். ஜூன் 12ஆம் தேதி மதகு திறந்தால் குறுவை உண்டு, தள்ளிப்போனால் சம்பா ஒன்றுதான் என்று உழவர் முன்கூட்டியே கணக்கிட முடிந்தது இந்த அணையால்தான். திட்டத்தின் அங்கமாகவே கல்லணைக் கால்வாயும் வெட்டப்பட்டு, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து மேட்டுநிலங்கள் பாசனம் பெற்றன.

இத்தனை நன்மையையும் மனமார ஒப்புக்கொண்ட பிறகே, சேலம் மாவட்டத்துப் பண்ணவாடிக்கு வாசகர்களை அழைக்கிறேன். அணை வெகுவாக வற்றும் ஆண்டுகளில், நீர் இறங்க இறங்க, முதலில் பழைய கிறிஸ்தவ தேவாலயத்தின் கோபுரமும், பின்னர் ஜலகண்டேஸ்வரர் ஆலயத்து நந்தியின் தலையும் வெளிப்படும். வெளிவந்த நிலத்தில் ஈரம் உலர்வதற்குள் கரையோர மக்கள் நிலக்கடலையும் ராகியும் விதைத்துவிடுவார்கள்; நீர் மீண்டும் ஏறுமுன் அறுத்தாக வேண்டும். அந்தக் கோபுரமும் நந்தியும் வனாந்தரத்தில் தனித்து நின்றவை அல்ல. அவற்றைச் சுற்றி வீதியும் வீடும் கிணறும் களத்துமேடும் இருந்தன. தஞ்சையில் இரண்டு போகம் விளைவதற்காக, இங்கிருந்த உழவன் தன் பாட்டன் உழுத மண்ணைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு வெளியேறினான் என்பதைப் பாடப்புத்தகம் எதுவும் நம் பிள்ளைகளுக்குச் சொன்னதாக நான் அறியேன், சொல்லாதது பெருங்குறை.

மற்றொரு நஷ்டம் கண்ணுக்குத் தெரியாதது. புதுப்புனலோடு கலங்கி இறங்கிவந்த வண்டல்தான் தஞ்சை நிலத்தையே உண்டாக்கியது. உரக்கடையை அறியாத காலத்தில் வயலுக்கு அதுவே போஷாக்கு. இன்று கர்நாடகத்தின் கண்ணம்பாடி அணையிலும் மேட்டூரிலும் காவிரி ஆற்றின் வேகம் தணியும்போது அந்த வண்டலில் பெரும்பகுதி அடியில் தங்கிவிடுகிறது. அதனால் அணையின் கொள்ளளவும் சிறுகச் சிறுகக் குறைகிறது. கடல் அரிக்கும் கழிமுகத்துக்கு ஈடுசெய்ய வேண்டிய மண்ணும் போதிய அளவில் வந்து சேர்வதில்லை. 2017இல்தான் மேட்டூரில் தூர் வாரத் தொடங்கி, வண்டலை உழவர்கள் எடுத்துச்செல்ல அரசு வழிசெய்தது. நல்ல காரியமே, ஆயினும் வண்டியில் ஏற்றிய மண் அக்கம்பக்கத்து வயல்களுக்குப் பயன்படுமேயன்றி, ஆறு தானே சுமந்துபோய்ச் சேர்த்துவந்த நாகைக் கரைக்கு அதனை யார் கொண்டுபோவது?