ஆறு இருக்க, கட்டணக் குளம் ஏன்?

தோட்டப்புறத்தில் தூண்டில் போடக் காசு தேவைப்பட்டதில்லை. பால்மர வேலை முடிந்த பிற்பகலில் மூங்கில் கம்பும் மண்புழுவும் இருந்தால், இரவுக் குழம்புக்கு விராலோ கெளுத்தியோ கிடைக்கும். இன்று ஜொகூரில் தூண்டில்காரர்கள் பலர் தனியார் குளங்களில் மணிக்கணக்குக் கட்டணம் செலுத்தி அமர்கிறார்கள். ஏன்?

முதல் காரணம் பயம். 2019 மார்ச்சில் பாசீர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஆற்று மீன் என்றாலே சமைக்கத் தயங்கும் வீடுகள் உண்டு.

இரண்டாவது, மீன் குறைந்துவிட்டது. செம்பனை ஆலைக் கழிவு சரியாகச் சுத்திகரிக்கப்படாமல் ஆற்றில் கலந்தால், அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடும். மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும். மணல் எடுப்பதால் கலங்கும் சேறு, மீன் முட்டையிடும் இடங்களை மூடிவிடுகிறது.

மூன்றாவது, குறுக்குவழி. மின்சாரம் பாய்ச்சியோ நஞ்சு கலந்தோ மீன் பிடிப்பதை 1985 மீன்வளச் சட்டம் தடை செய்கிறது. ஆனாலும் இரவில் இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். மின்சாரத்துக்குக் குஞ்சும் சினை மீனும் ஒன்றுதான்.

குளத்திலோ பாத்தின், சியாக்காப், கெளுத்தி என்று உரிமையாளரே வாங்கி விடுகிறார். நிழல், கழிவறை, சாப்பாட்டுக் கடை உண்டு; பிள்ளைகளையும் அழைத்துப் போகலாம். வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஓய்வு கிடைக்கும் தொழிலாளி அதைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை.

ஆனால் இழப்பும் உண்டு. கட்டணம் கட்ட முடியாத பிள்ளைக்கு அந்தப் பொழுதுபோக்கே இல்லாமல் போகிறது. நீரின் நிறம் மாறுவதையும், மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதையும் முதலில் காண்பவர் தூண்டில்காரர்தான். அவரும் போய்விட்டால், கழிவு கொட்டுகிறவருக்குப் பார்க்க ஆளில்லாத ஆறு கிடைக்கிறது.

சுற்றுச்சூழல் தரச் சட்டம் 2024-இல் திருத்தப்பட்டு, அதிகபட்ச அபராதம் 1 கோடி ரிங்கிட்டாக உயர்ந்தது. சட்டம் வேலை செய்யத் தகவல் வேண்டும். குளத்துக்குப் போகும் வழியில் ஆற்றையும் ஒரு பார்வை பாருங்கள். நீரில் நுரையோ துர்நாற்றமோ இருந்தால் இறங்காதீர்கள்; தள்ளி நின்று படம் எடுத்து, இடத்தையும் நேரத்தையும் குறித்துச் சுற்றுச்சூழல் துறையிடம் புகார் செய்யுங்கள்.