கண்டியிற் கண்ட கண்ணகி

சிலப்பதிகாரத்தைக் கண்டி மாணவர்க்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகக் கற்பித்து வருகின்றேன். ஆயினும், நடந்தே செல்லத்தக்க தொலைவில் அக்காப்பியத் தலைவிக்கு ஒரு கோயில் உண்டென அறிந்திருந்தும், சென்ற ஆண்டுவரை அதன் வாயிலை மிதித்திலேன். இதனைச் சொல்ல நாணுகின்றேன்.

தலதா மாளிகைக்கு எதிரே நிற்பது நாத தேவாலயம். பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த அதன் கற்சுவரும் சிறு விமானமும் திராவிடச் சிற்பியரின் மரபைக் காட்டுவன. அதனை அடுத்துள்ளது பத்தினி தேவாலயம். ஆங்கு வானளாவிய கோபுரம் இல்லை. ஓடு வேய்ந்த எளிய கட்டடமே உண்டு. பூசை செய்வோர் கப்புராளைமார். புதனும் சனியும் சிறப்பு நாள்கள்.

ஒரு புதன்கிழமை மாணவருடன் சென்றேன். காய்ச்சலில் துவண்ட பேரக்குழந்தையைத் தோளிற் சாய்த்தபடி ஒரு சிங்கள மூதாட்டி பூத்தட்டுடன் நின்றார். அம்மை முதலிய வெப்பு நோய்களைத் தணிப்பவள் பத்தினி என்பது அவர்தம் நம்பிக்கை. மதுரையை எரித்தவள் என்றே யான் கற்பித்தவளிடம் அவர் குளிர்ச்சி வேண்டி நின்றார்!

"ஐயா, இவள் நம் கண்ணகியா, அவர்கள் பத்தினியா?" என்றான் ஒரு மாணவன்.

உடனே விடை வரவில்லை. பின்னர் உரைபெறு கட்டுரையை நினைவூட்டினேன். இலங்கை வேந்தன் கயவாகு அவளுக்குப் பலிபீடம் அமைத்து, ஆடித் திங்களில் விழா எடுத்தான் என்று அது கூறும். சிங்களவர் அம்மாதத்தை எசல என்பர். எசலப் பெரகராவில் தலதாவின் பின்னே நாதர், விட்டுணு, கதிர்காமக் கடவுள், பத்தினி என நான்கு தேவாலய ஊர்வலங்களும் நிரலே செல்லும். தலதாவை முதன்மையாக வைத்தவன் மதுரை நாயக்கர் உறவினனான கீர்த்தி சிறீ இராசசிங்கன் (1747–1782). சிங்களச் சடங்குப் பாடல்களிலும் பாண்டியன் உளன். கோவலன் அங்கே 'பாலங்க' ஆகின்றான். பத்தினியின் சின்னம் சிலம்பே. அதற்குச் சிங்களத்தில் 'ஹலம்ப' என்று பெயர்.

"அப்படியாயின் இருவருக்கும் உரியவளா?" என்றான் அவன்.

"அந்த மூதாட்டியைக் கேள்" என்றேன். அவன் சென்று தட்டைத் தாங்கிக்கொண்டான். அவர் குழந்தையை மறுதோளுக்கு மாற்றினார். வேறொன்றும் அவன் வினவவில்லை.

இப்போது உரைபெறு கட்டுரையை யான் வகுப்பறையில் நடத்துவதில்லை. அத்தேவாலய முன்றிலிலேயே நடத்துகின்றேன்.