காருக்குள் இருக்கும் வரி

2021 ஆவணி மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம். ஜெர்மனியின் ஃபிளென்ஸ்பூர்க் நகரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என் தம்பி தொலைபேசி எடுத்தான்.

"அக்கா, எட்டாயிரம் யூரோ. எங்கட பக்கம் இதே கார் ஒரு லட்சம் குரோனருக்குப் போகுது. காசைக் குடுத்திட்டன்."

"பதிவு வரி பாத்தியோ?"

"பாத்திட்டன். கணக்குப் போட்டா ஒண்டும் வராது."

டென்மார்க்கில் ஹேர்னிங் என்ற ஊரில் இருக்கிறேன். முப்பது வருடமாகக் கணக்கெழுதுவதுதான் எனக்குத் தொழில். இந்த நாட்டில் ஒரு காருக்குப் பதிவு வரி "ஒண்டும் வராது" என்று யாராவது சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அன்றும் கலக்கியது. ஆனால் காசு கைமாறிவிட்டது.

அவன் அவசரப்பட்டதற்கும் காரணம் இருந்தது. மூன்று பிள்ளைகள், மனைவி, அம்மா. ஒவ்வொரு கோடையிலும் ஜெர்மனியின் ஹம் காமாட்சி அம்பாள் தேருக்குப் போவது அம்மாவுக்கு விட முடியாத ஒன்று. எங்கள் ஊரிலிருந்து போக மட்டும் 600 கிலோமீட்டர் அளவில் வரும். அவனிடம் இருந்த சின்னக் காரில் ஐந்து பேரே நெருக்கித்தான் இருக்கலாம். இரண்டு காரில் போய்ப் பெட்ரோலுக்குக் கொட்டியதை அவன் மறக்கவில்லை. டென்மார்க் தெருக்களில் சின்னக் கார்கள் இவ்வளவு ஓடுவதற்கும் இந்தப் பதிவு வரி ஒரு பெரிய காரணம்.

இந்த வரிக்கு டேனிஷ் மொழியில் 'ரெகிஸ்ட்ரேரிங்ஸ்அவ்கிஃப்ட்' என்று பெயர். 1924 முதல் இருக்கிறது. ஒரு வாகனம் முதல் தடவையாக டென்மார்க் இலக்கத்தகடு பெறும்போது ஒரே ஒரு முறை கட்ட வேண்டும். நான் இந்த நாட்டுக்கு வந்த காலத்திலும் அதற்குப் பிறகு நெடுநாளும் மேல் வீதம் 180 சதவீதமாக இருந்தது. காரின் விலை ஒரு வரம்பைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு நூறு குரோனருக்கும் இன்னொரு நூற்றெண்பது அரசுக்கு. 2015 கடைசியில்தான் அதை 150க்கு இறக்கினார்கள்.

2021இல் வீதங்கள் இப்படி இருந்தன: முதல் 65,000 குரோனருக்கு 25 சதவீதம். அதற்கு மேல் 2,02,200 வரை 85 சதவீதம். அதையும் தாண்டினால் 150 சதவீதம். கார் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடுக்கு ஒரு கிராமுக்கு இவ்வளவு என்று ஒரு கூடுதல் வரி. கடைசியில் வரியிலிருந்து 21,700 குரோனர் கழிவு. இந்த எல்லைகள் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் நகரும்.

தம்பி என்ன செய்தான் என்று இப்போது உங்களுக்கே விளங்கும். எட்டாயிரம் யூரோ என்றால் ஏறக்குறைய 60,000 குரோனர். 65,000க்குள் நிற்கிறது. ஆகவே 25 சதவீதம், 15,000 குரோனர். கழிவோ 21,700. எனவே வரி பூச்சியம்! கார்பன் கூடுதலை அவன் கவனிக்கவே இல்லை. அதைவிடப் பெரிய பிழை, ஜெர்மனியில் கொடுத்த காசை வைத்துக் கணக்குத் தொடங்கியது.

அங்கே நீங்கள் என்ன விலை கொடுத்தீர்கள் என்பது வரிக் கணக்கின் தொடக்கப் புள்ளி அல்ல. மாமா மலிவாகத் தந்தார், பேரம் பேசி வென்றேன், ஏலத்தில் எடுத்தேன் என்ற எதற்கும் அந்தக் கணக்கில் இடமில்லை. அதே வகை, அதே வயது, அதே ஓட்டம் உள்ள கார் இன்றைக்கு டென்மார்க்கில் என்ன விலைக்குப் போகும் என்று வரி அதிகாரிகள் பார்க்கிறார்கள். அது புதிதாக இருந்தபோது டென்மார்க்கில் என்ன விலை என்றும் பார்க்கிறார்கள். புது விலையில் எத்தனை சதவீதம் மிஞ்சி இருக்கிறதோ, புதுக் காருக்குரிய வரியிலும் அத்தனை சதவீதம் கட்ட வேண்டும்.

கணக்கு விளங்குவதற்காக ஒரு காரை எடுத்துக்கொள்வோம். தம்பியின் காரும் ஏறக்குறைய இந்த நிலையில்தான் இருந்தது. பதிவு வரி சேராமல், விற்பனை வரியோடு புது விலை 1,50,000 குரோனர். முதல் 65,000க்கு 16,250. மீதி 85,000க்கு 72,250. கூட்டினால் 88,500. கழிவு போக 66,800. கார்பன் அளவு கிலோமீட்டருக்கு 130 கிராம் என்றால் 2021 வீதப்படி 33,750 சேரும். மொத்தப் பதிவு வரி 1,00,550. அப்படியானால் இந்தக் கார் டென்மார்க்கில் புதிதாக 2,50,550 குரோனருக்கு விற்றிருக்கும்.

ஐந்தாறு வருடம் ஓடியபின் இதே கார் இங்கே ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே, 1,00,220க்குப் போகிறது என்று வையுங்கள். புது விலையில் 40 சதவீதம். ஆகவே வரியும் 40 சதவீதம்: 40,220 குரோனர்.

ஜெர்மனியில் கொடுத்த 60,000 ஐயும் இதையும் கூட்டுங்கள். 1,00,220. வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் வாங்கியிருந்தால் என்ன விலையோ, அதே விலை. ஏற்றுமதித் தகடு, எண்ணெய், பரிசோதனைக் கட்டணம், இரண்டு நாள் விடுமுறை எல்லாம் அதற்கு மேலே.

இது தற்செயலாக ஒத்துப்போன கணக்கு அல்ல. சட்டமே அப்படித்தான் வைக்கப்பட்டிருக்கிறது. டென்மார்க்கில் ஓடுகிற ஒவ்வொரு பழைய காரின் விலைக்குள்ளும், அது புதிதாக இருந்தபோது கட்டிய வரியின் மிச்சம் ஒளிந்திருக்கிறது. கார் தேயத் தேய அந்த மிச்சமும் தேய்கிறது. வெளியிலிருந்து வரும் காரிலும் அதே அளவு மிச்சத்தைத்தான் கேட்கிறார்கள். கூடவும் கேட்கக் கூடாது.

அந்தக் 'கூடாது' சும்மா வந்ததல்ல. முன்பு டென்மார்க் வேறு விதமாகக் கணக்குப் போட்டது. வெளியிலிருந்து வரும் பாவித்த காருக்கு, உண்மை விலை எவ்வளவு விழுந்திருந்தாலும், புதுக் கார் விலையின் 90 சதவீதத்தை அடிப்படையாக வைத்து வரி விதித்தார்கள். பத்து வயதுக் காருக்கும் கிட்டத்தட்டப் புதுக் கார் வரி. யாரும் கொண்டுவரக் கூடாது என்று கதவைச் சாத்தியதற்குச் சமம். ஐரோப்பிய ஆணையம் வழக்குப் போட்டது. 1990 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் டென்மார்க்குக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது: உள்ளூரில் வாங்கும் பாவித்த காருக்குள் எவ்வளவு வரி மிஞ்சியிருக்கிறதோ, அதைவிட அதிகமாக வெளிநாட்டுக் காரிடம் வாங்குவது பாகுபாடு.

அதே தீர்ப்பில் டென்மார்க்குக்குச் சாதகமான ஒரு பகுதியும் உண்டு. புதுக் கார்களுக்கு எவ்வளவு உயர்ந்த வரி என்றாலும் பாகுபாட்டுக்கு எதிரான அந்த ஐரோப்பிய விதி தடுக்கவில்லை; டென்மார்க் சொந்தமாகக் கார் தயாரிக்கும் நாடு அல்ல, பாதுகாக்க ஓர் உள்ளூர்க் கார் இல்லை, ஆகவே பாகுபாடு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் பாவித்த கார்களுக்கு உள்ளூர்ச் சந்தை இருக்கிறது. ஒரு கார் இந்த நாட்டில் ஒரு முறை பதிவாகிவிட்டால் அது 'உள்ளூர்ப் பொருள்' ஆகிவிடும். கணக்கெழுதுகிறவளாகச் சொல்கிறேன், வரிச் சட்டத்தில் நான் படித்த மிகத் தெளிவான நியாயங்களில் இது ஒன்று. பின்னாளில் போர்த்துக்கல், பின்லாந்து, போலந்து, ஹங்கேரி, ருமேனியா என்று ஒவ்வொரு நாட்டு வரியும் இதே அளவுகோலின் முன் வந்து நின்றது. பின்லாந்தின் வழக்குக்கு 2002இல் தீர்ப்பு வந்தது. ஜெர்மனியிலிருந்து ஒரு பழைய காரைக் கொண்டுவந்த தனி மனிதர் ஒருவர் தொடங்கிய வழக்கு அது.

தம்பியின் கதைக்கு வருகிறேன். காரை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, வலது ஓரத்தில் சிவப்புப் பட்டையும் முடிவுத் தேதியும் போட்ட ஜெர்மன் ஏற்றுமதித் தகடு அதில் இருந்தது. அடுத்தது 'டொல்சூன்' என்னும் இறக்குமதிப் பரிசோதனை. அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக் கூடத்தில் அடிச்சட்ட எண்ணைச் சரிபார்ப்பார்கள். எந்த வகை, என்னென்ன மேலதிக வசதிகள், எத்தனை கிலோமீட்டர் ஓடியது, என்ன நிலையில் இருக்கிறது என்று எழுதுவார்கள். வரியை மதிப்பிடுகிறவர்களுக்கு அந்தத் தாள்தான் கண்.

பரிசோதனைக்கு முதல் வாரம் அவன் என்ன செய்தான் தெரியுமா? பின் கதவில் இருந்த நசுங்கலைத் தட்டி எடுப்பித்தான். நாலு சக்கரத்துக்கும் புது டயர் போட்டான். கழுவி, மெழுகு பூசி, கண்ணாடி போல் ஆக்கிக் கொண்டுபோனான். பொண்ணு பார்க்க வருகிற மாதிரி. பாதுகாப்புக்கு வேண்டியதைத் திருத்தத்தான் வேண்டும்; பிரேக், விளக்கு, துரு எல்லாம் அங்கே பார்ப்பார்கள். ஆனால் நசுங்கலும் கீறலும் மதிப்பைக் குறைக்கிற விஷயங்கள். மதிப்புக் குறைந்தால் வரியும் குறையும். அழகுவேலையைத் தகடு போட்ட பிறகு செய்திருக்கலாம். நான் அதைச் சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

வரி நாற்பதாயிரத்துச் சொச்சம் என்று வந்தது. அந்தக் காசு அவனிடம் இல்லை. வரி கட்டாமல் தகடு இல்லை. கார் சில வாரம் முற்றத்திலேயே நின்றது. நானும் அத்தானும் பாதி கொடுத்தோம்.

எங்கள் ஆட்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இன்னும் சில இடங்களைச் சொல்லிவிடுகிறேன். கலியாணம் முடித்து ஜெர்மனியிலிருந்தோ பிரான்சிலிருந்தோ இங்கே குடிவருகிற பிள்ளைகள், தாங்கள் ஏற்கெனவே ஓட்டிய காரைக் கொண்டுவந்தால் வரி இல்லை என்று நினைக்கிறார்கள். வீட்டுச் சாமானுக்கு உள்ள சலுகை இந்த வரிக்கு இல்லை. பழைய கார் என்றாலும், சொந்தக் கார் என்றாலும் பதிவு வரி உண்டு.

'கிட்டத்தட்டப் புதுசு' என்று விற்கப்படும் கார்களிலும் கவனம் வேண்டும். முதல் பதிவாகி ஆறு மாதத்துக்கு உட்பட்டிருந்தாலோ, ஓட்டம் 6,000 கிலோமீட்டரைத் தாண்டாதிருந்தாலோ, ஐரோப்பிய விற்பனை வரிச் சட்டத்தின் கண்ணுக்கு அது புதுக் கார். இரண்டில் ஒன்று போதும். அப்போது டென்மார்க்கின் 25 சதவீத விற்பனை வரியையும் இங்கே கட்ட வேண்டும். லண்டனில் இருக்கிற சித்தப்பா தன் காரைத் தருகிறேன் என்றால் நன்றி சொல்லி விட்டுவிடுங்கள். 2021 ஜனவரியிலிருந்து பிரித்தானியா ஐரோப்பியச் சுங்க எல்லைக்கு வெளியே. விற்பனை வரி, பெரும்பாலும் 10 சதவீதச் சுங்கம், அதற்குப் பிறகு பதிவு வரி என்று அடுக்கிக்கொண்டு போகும்.

அப்படியானால் ஜெர்மனியில் கார் வாங்குவதே வீண் வேலையா? இல்லை. வரியில் லாபம் வராது, தெரிவில் வரும். அங்கே சந்தை பெரிது. இங்கே கிடைக்காத வகை, நல்ல பராமரிப்புப் பதிவு உள்ள கார் கிடைக்கும். டென்மார்க்கில் வரியைக் கழித்தபின் மிஞ்சும் விலையைவிட அங்கே குறைவாகக் கிடைத்தால், அந்த இடைவெளிதான் உங்கள் லாபம். கட்டிய வரியும் முழுக்கப் போய்விடுவதில்லை. இங்கேயே விற்றால் அதன் மிச்சம் விலையோடு திரும்பி வரும். காரை நாட்டைவிட்டு நிரந்தரமாகக் கொண்டுபோனால், மிஞ்சிய வரியில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தரும் முறையும் உண்டு.

மதிப்பீடு பிழை என்று பட்டால் வாய்மூடி இருக்க வேண்டாம். முடிவு கிடைத்து மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். கட்டணம் உண்டு, வென்றால் திரும்பக் கிடைக்கும். ஆனால் வெறும் "கூடிப்போச்சு" என்ற பேச்சு அங்கே எடுபடாது. அதே வகைக் கார்கள் அந்த வாரம் டென்மார்க்கில் என்ன விலைக்கு விளம்பரமாகியிருந்தன என்பதை எடுத்துக் காட்ட வேண்டும்.

ஆகவே, எல்லை தாண்ட முதலே அந்த விளம்பரங்களில் மூன்றையாவது தேடி அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதே வகை, அதே ஆண்டு, கிட்டத்தட்ட அதே ஓட்டம். அந்தக் கார் புதிதாக இருந்தபோது டென்மார்க்கில் என்ன விலை, அதற்குள் எவ்வளவு வரி என்றும் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டு மேசையில் இருந்து அரை மணித்தியாலத்தில் முடிகிற வேலை. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு விற்பவனிடம் பேசுங்கள்.