வடிகட்டி வாங்குமுன் தண்ணீரைச் சோதியுங்கள்

மளிகைக் கடையில் நாம் விற்பது அரிசியும் பருப்பும் மட்டுமல்ல. படிகாரம், பிளீச்சிங் பவுடர், குளோரின் மாத்திரை, கேன் தண்ணீர் எல்லாம் நம் கடை வழியாகத்தான் வீடுகளுக்குப் போகின்றன. "குழாய்த் தண்ணீர் சரியில்லை அண்ணா, எதைப் போட்டால் நல்லது?" என்று வாடிக்கையாளர் கேட்கிறார். நாம் சொல்லும் பதிலை நம்பி ஒரு குடும்பமே அந்தத் தண்ணீரைக் குடிக்கிறது. ஆகவே இதுபற்றிச் சில விவரங்களை நாம் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

தண்ணீரில் வரும் கோளாறு ஒரே வகையானதல்ல. கலங்கல் ஒன்று, கிருமி ஒன்று, கரைந்திருக்கும் உப்பு ஒன்று. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு ஆகாது. இதற்குத் தருமபுரியே நல்ல உதாரணம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பூமிக்கடியில் உள்ள பாறைகளிலிருந்து புளோரைடு கரைந்து போர் தண்ணீரில் கலக்கிறது. இதற்கு நிறமில்லை, வாசனையில்லை, ருசியுமில்லை. இந்தியத் தர நிர்ணயப்படி ஒரு லிட்டர் குடிநீரில் 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதி உண்டு. அதற்குமேல் போனால் வளரும் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படியும். தேய்த்தாலும் அது போகாது. அளவு மிகுந்த நீரைப் பல ஆண்டுகள் குடித்தவர்களுக்கு மூட்டும் முதுகெலும்பும் இறுகிப்போகும். இதுவே புளோரோசிஸ்.

இதற்காகவே காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-ல் அடிக்கல் நாட்டி, ஜப்பான் கடனுதவியுடன் முடித்து, 2013 மே மாதம் தொடங்கி வைத்தார்கள். காவிரி நீர் வரும் வீட்டுக்கும் போர் தண்ணீரைக் குடிக்கும் வீட்டுக்கும் தேவை வேறு வேறு. இரண்டும் கலந்து வரும் தெருவில் சோதித்துப் பார்த்தால்தான் நிலவரம் தெரியும்.

இனி, ஒவ்வொரு முறையும் எதற்குப் பயன்படும் என்று பார்ப்போம்.

கொதிக்க வைத்தல்: கிருமி சாகும், புளோரைடு போகாது. லிட்டருக்கு 2 மில்லிகிராம் உள்ள 10 லிட்டர் நீரை 8 லிட்டராகச் சுண்டக் காய்ச்சினால், அதே 20 மில்லிகிராம் 8 லிட்டரில் நிற்கும். அதாவது லிட்டருக்கு 2.5 ஆகிவிடும்.

பிளீச்சிங் பவுடர், குளோரின் மாத்திரை: இவையும் கிருமிக்கு மட்டுமே. பிளீச்சிங் பவுடர் மூட்டையைத் திறந்து வைத்தால் காற்றும் ஈரமும் பட்டு வீரியம் குறைந்துவிடும். மூடிய டப்பாவில், உணவுப் பொருள்களுக்குத் தூரத்தில் வையுங்கள். பழைய சரக்கைத் தள்ளிவிட வேண்டாம்.

படிகாரம்: கலங்கலைத் தெளிய வைக்கும். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துப் புளோரைடைக் குறைக்கும் நலகொண்டா முறை என்று ஒன்று உண்டு. ஆனால் நீரைச் சோதித்து, அளவு கணக்கிட்டுச் செய்ய வேண்டியது அது. கைப்பிடி அளவில் போட்டுப் பயனில்லை.

கேண்டில் பில்டர், யு.வி. விளக்கு: முன்னது தூசியையும் கிருமிகளில் பெரும்பகுதியையும் தடுக்கும், பின்னது தெளிந்த நீரில் கிருமியைக் கொல்லும். புளோரைடு இரண்டையும் தாண்டி வந்துவிடும்.

ஆர்.ஓ., அலுமினா வடிகட்டி: வீட்டில் புளோரைடைக் குறைக்க ஏற்றவை இவைதான். அலுமினா வடிகட்டியில் உள்ள மருந்துச் சரக்கு நாளடைவில் நிறைந்துபோகும். உரிய காலத்தில் புதுப்பிக்காவிட்டால் வேலை செய்யாது. ஆர்.ஓ. எந்திரம் ஒரு லிட்டர் நல்ல நீர் தர இரண்டு மூன்று லிட்டரைக் கழித்துவிடுவது சகஜம். அந்த நீரைத் தரை கழுவ வைத்துக்கொள்ளலாம். சோறு, குழம்பு, டீ வைக்கவும் வடிகட்டிய நீரே வேண்டும்; சமையலில் புளோரைடு அழியாது.

ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். வடிகட்டி விற்க வருபவர் டி.டி.எஸ். மீட்டரை நீரில் விட்டு எண்ணைக் காட்டுவார். அது எல்லா உப்பையும் சேர்த்த மொத்தக் கணக்கு. 300 என்று காட்டும் நீரிலும் புளோரைடு 2 இருக்கலாம். 900 காட்டும் நீரில் அரைகூட இல்லாமல் இருக்கலாம். மூட்டையின் எடையைப் பார்த்து உள்ளே என்ன சரக்கு என்று நாம் சொல்வோமா?

ஆகவே முதல் செலவு சோதனைக்குத்தான். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். குழாயைச் சில நிமிடம் திறந்துவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் கேனை அதே நீரால் அலசி, 2 லிட்டர் பிடித்துக் கொடுங்கள். கிருமிச் சோதனைக்குத் தனியாக, கிருமி நீக்கிய பாட்டில் தேவை. ஆய்வகத்தில் கேட்டு வாங்கி, பிடித்த அன்றே சேர்த்துவிட வேண்டும். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பொருந்தாத எந்திரம் வாங்குவதைவிட இது எத்தனையோ மேல்.

கேன் தண்ணீர் விற்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. கேன் நீருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்ற விதி 2024 அக்டோபரில் நீக்கப்பட்டது. உணவுப் பாதுகாப்பு உரிமம் நீக்கப்படவில்லை. 14 இலக்க உரிம எண்ணும் தயாரிப்புத் தேதியும் இல்லாத கேனை இறக்காதீர்கள். கேன்களை வெயிலில் அடுக்காதீர்கள்.

"எந்தப் பில்டர் நல்லது?" என்று இனி யாராவது கேட்டால், "முதலில் தண்ணீரைச் சோதித்துவிட்டு வாருங்கள்" என்று சொல்வோம். அன்றைக்கு ஒரு வியாபாரம் தள்ளிப்போகலாம். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகளின் பல்லும் எலும்பும் தப்பும். நம் கடையின் பேரும் நிற்கும்.