மண்ணின் கதிரும் காற்றின் மின்சாரமும்

மழையோ இடியோ இல்லாத தெளிவான நாளிலும் எம்மைச் சுற்றியுள்ள காற்றில் மின்புலம் உண்டு. திறந்த வெளியில், நிலத்துக்கு அருகே, மீற்றருக்குச் சுமார் 100 வோல்ற். ஆனாலும் அது எம்மைத் தாக்குவதில்லை. காற்றில் மின்னைக் கடத்தும் அயன்கள் மிகக் குறைவு. அதனால் ஓடும் மின்னோட்டமும் மிகச் சிறியது.

இந்த அயன்கள் எங்கிருந்து வருகின்றன? தரைக்கு அருகே பெரும் பங்கு மண்ணுடையது. மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம், தோரியம் போன்றவற்றின் கதிர்கள் காற்றை அயனாக்குகின்றன. யுரேனியம் சிதைந்துவரும் வழியில் பிறக்கும் றேடன் என்ற வாயுவும் மண்ணிலிருந்து கசிந்து காற்றில் கலக்கிறது. அயன்கள் கூடினால் காற்று மின்னை இலகுவாகக் கடத்தும், மின்புலம் குறையும்.

2011 மார்ச்சில் யப்பானின் புகுசிமா அணு உலை விபத்தின்போது இது கண்கூடாகத் தெரிந்தது. ஏறத்தாழ 150 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ககியோகா அவதான நிலையத்தில், கதிரியக்கத் தூசு வந்து படிந்ததும் மின்புலம் சடுதியாக வீழ்ந்தது.

மேலே போகப் போக மண்ணின் செல்வாக்குத் தேய்கிறது. றேடன் 3.8 நாட்களில் பாதியாகிவிடுவதால் அதிக உயரம் போவதில்லை. 1912 இல் ஒஸ்திரிய விஞ்ஞானி விக்ரர் ஹெஸ் பலூனில் 5 கிலோமீற்றருக்கு மேல் ஏறி அளந்தார். அயனாக்கம் முதலில் சற்றுக் குறைந்து, பின் வேகமாகக் கூடியது. விண்ணிலிருந்து வரும் பிரபஞ்சக் கதிர்களே காரணம். இதற்காக அவருக்கு 1936 இல் நோபல் பரிசு கிடைத்தது. அக்கதிர்களால் உயரத்தில் காற்று நன்கு கடத்துகிறது. 10 கிலோமீற்றரில் மின்புலம் மீற்றருக்குச் சில வோல்ற் மட்டுமே.

வெளியிலுள்ள மின்புலத்தால் எமக்குக் கெடுதி இல்லை. வீட்டுக்குள் தேங்கும் றேடன்தான் கெடுதி. வெளியில் அது காற்றோடு கலந்து ஐதாகிவிடும். ஆனால் தரை வெடிப்புகளால் பேஸ்மன்றுக்குள் புகுந்தால், யன்னல் பூட்டிய குளிர்காலத்தில் அங்கேயே தங்கிவிடும். நிறமில்லை, மணமில்லை. நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைத்தலுக்கு அடுத்த பெரிய காரணம் இதுவே.

கனடாவில் வாழும் எம்மவர் பலருக்குப் பேஸ்மன்றே முதல் வீடு. அங்கு ஒரு கன மீற்றர் காற்றில் 200 பெக்கரலுக்கு மேல் இருந்தால் குறைக்க வேண்டும் என்பது அரசின் வழிகாட்டல். அளக்கும் சிறு கருவியைக் குளிர்காலத்தில் மூன்று மாதமாவது வைக்க வேண்டும். அளவு கூடினால், தரைக்குக் கீழிருந்து குழாயும் விசிறியும் பூட்டி வாயுவை வெளியேற்றலாம். வாடகைக்கு இருப்போர் வீட்டுக்காரரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். பிள்ளைகள் படுத்துறங்கும் அறையல்லவா?