இதயமும் வேலியில்லாத அயலும்

1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே தமிழில் மருத்துவங் கற்பித்த கிறீன் வைத்தியர் காலந்தொட்டு, உடற்கூற்றைத் தமிழிற் பேசுதல் நமக்குப் புதிதன்று. அத்துணிவிலே இதனை எழுதுகின்றேன்.

கொழுப்பென்றதும் இரத்தத்தில் ஓடுங் கொழுப்பையே பலர் நினைப்பர். இதயத்தின் மேலும் ஒரு கொழுப்புப் படை உண்டு. இதயத்தசைக்கு இரத்தமூட்டும் முடியுரு நாடிகள் அப்படைக்குள்ளேயே புதைந்து ஓடுகின்றன. இரண்டையும் பிரிக்குஞ் சவ்வு யாதுமில்லை. நம்மூர் வழக்கிற் சொன்னால், வேலியில்லாத காணிகள். அளவோடிருக்கும்வரை அக்கொழுப்பு நல்ல அயல். நாடியைத் தாங்கும், தசைக்கு எரிபொருளும் உதவும். மிகுந்து தடித்தாலோ, அழற்சியூட்டும் பொருள்களைச் சுரந்து, அடுத்துள்ள நாடிச்சுவரைக் கெடுக்கின்றது என்பர் அறிஞர். முடியுரு நாடியடைப்புக்குச் சத்திரசிகிச்சை பெற்றோரிடம் 2003இல் ஆராய்ந்தவர்கள், அவர்தம் காலின் தோலடிக் கொழுப்பினும் இதயக் கொழுப்பிலே அப்பொருள்கள் மிக்கிருக்கக் கண்டனர்.

சிலரில் இந்நாடி சிறிது தூரம் தசைக்குள் மூழ்கி ஓடும். கொழுப்புச் சூழாத அத்துண்டிலே படிவு அரிது. அதற்கு முந்திய பகுதியிலேயே காணப்படும். தசையின் அமுக்கமும் இதற்கொரு காரணமாகலாம்; எனினும் வியப்பான செய்தியே.

மெலிந்த கைகாலைக் கண்டு இப்படை இல்லையென எண்ணலாகாது. கருவிலேயே வயிற்றறைக் கொழுப்போடு ஒருமூலத்துப் பிறந்தது இது. வயிறு பருத்தோரிடம் இதுவும் பெரும்பாலும் பருத்திருக்கும். உடலெடை குறையுங்கால் இது மெலிவதை எக்கோப் படத்திலே அளந்து காணலாம்.